சாவி போடாமப் பாடுற செட்டு

வேண்டாமுங்க, கண்டக்டர்கிட்டச் சொல்லாதீங்க. பாட்டு ஓடட்டும் உடுங்க. உங்களுக்குத் தலை வலிச்சா இக்கட்ட வந்துருங்க, நான் அந்த ஓரம் உக்காந்துக்கறேன். ஸ்பீக்கரு உங்க தலைக்கு மேலயே இருக்குது பாருங்க. எனக்கு இதெல்லாம் பழக்கமுங்க. இந்த பஸ்சுல திம்திம்னு அதிர்ற ஊஃபர் நல்ல ஊஃபர்தான், கீச்சுச் சத்தத்துக்கு இருக்கற ட்வீட்டர்தான் கிழிஞ்சு போயிருக்குது. அதனாலதான் பொம்பளைக் குரல் வர்றப்பக் கரகரங்குது. ஆம்பளைக் குரலுக்கு அவ்வளவாத் தெரியாது. கவனிச்சுப் பாருங்க.

கோயமுத்தூருக்குத்தானுங்க நானும். காந்திபுரத்துல எறங்கி ஆஸ்பத்திரிக்குப் போகோணும். எனக்கில்லீங்க, நான் கல்லுக்குண்டாட்டம் இருக்கேன். எம்பட சம்சாரத்துக்கு. இன்னைக்கு ஆப்பரேசன். கர்ப்பப்பைய எடுக்கறாங்க.

அப்படிப் பாக்காதீங்க. நீங்க நெனைக்கறது புரியுது. சம்சாரத்துக்கு ஆப்பரேசன், இவன் தனியா பஸ்சுல உக்காந்து ஊஃபரு, ட்வீட்டருன்னு பேசிட்டு வர்றானேன்னு. கார் இல்லாம இல்லீங்க. இருக்குது. போர்டிகோவுல நிக்குது, தொடைச்சு வெச்சாப்புல. அவ, தங்கச்சி புருசன் கார்ல காலையிலயே போயிட்டா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. ஆப்பரேசன்னு எனக்குத் தெரியுங்கறதே அவளுக்குத் தெரியாது. முப்பத்தியொரு வருசமுங்க. முப்பத்தியொரு வருசம் ஒரே வீட்டுல ஒட்டுக்கா இருந்துட்டு, இப்படி ஒரு துரோகம்.

துரோகம்னுதான் சொல்லுவேன். வேற என்ன பேருங்க அதுக்கு? மொதல்ல இருந்து சொல்றேன், நீங்களே சொல்லுங்க யார் மேல தப்புன்னு. புளியம்பட்டியே இன்னும் வல்ல.

எம்பேரு நாச்சிமுத்துங்க. கோபி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல இருபத்தேழு வருசம் ஹார்டுவேர் கடை வெச்சிருந்தேன். முட்டி முடியல, போன தை மாசம் கடையை வேற ஆளுக்கு உட்டுட்டேன். பையன் ஒருத்தன், வெளிநாட்டுல இருக்கான். வீட்டுல நானும் வசந்தாமணியுந்தான். வசந்தாமணிதானுங்க எம்பட சம்சாரம். நல்லவதான். சமையல்ல ஒரு குத்தம் சொல்ல முடியாது. கொறை என்னன்னா பேச்சு.

வீட்டுல பேச மாட்டாளுங்க, அதுதான் அதிசயம். வீட்டுல நான் டீவியில நியூஸ் பாத்துட்டிருப்பேன், அவ சமையக்கட்டுல இருப்பா, ஒரு சத்தம் வராது. கார்ல ஏறி பெல்ட்டைப் போட்டான்னா ஆரம்பிச்சுருவா. கல்யாணத்துக்குப் போனாலும் சரி, எழவுக்குப் போனாலும் சரி, வண்டி கேட்டைத் தாண்டறதுக்குள்ள 'ஏனுங்க'ம்பா. பையன் போன்ல என்ன சொன்னான், மாடி டேங்க் எங்க ஒழுகுது, அவ தங்கச்சி ஜோதிமணி வீட்டுல என்ன கொழம்பு, ராத்திரியில தூக்கம் வர்றதில்ல, இடுப்பு கடுக்குது. எல்லாம் அந்த ஒரு மணி நேரத்துல. வீட்டுல இருபத்திமூணு மணி நேரம் சும்மாத்தான இருக்கறே, அப்பச் சொல்லக் கூடாதா? நான் ரோட்டைப் பாக்கறதா, இவ இடுப்பைப் பாக்கறதா? இருந்தாலும் நான் மூஞ்சியத் திருப்பிக்கற ஆள் இல்லீங்க. 'ம்'னு கேட்டுக்குவேன். முப்பத்தியொரு வருசமா 'ம்'னு கேட்டிருக்கேன். மத்தவனா இருந்தா வாய மூடுன்னு சொல்லியிருப்பான்.

காரோட வந்த பாட்டுச் செட்டு ஒண்ணு இருந்துச்சு. எதுக்கும் ஆகாதுங்க. அவ பேசுனா அவ பேச்சுத்தான் கேக்கும், பாட்டு கேக்காது. அதனாலதான் நல்ல செட்டா ஒண்ணு வெளிய வாங்கி மாட்டிரலாம்னு முடிவு பண்ணேன். எனக்காகன்னு நெனைச்சுக்காதீங்க. அவளுக்காகத்தான். அவளுக்குப் பாட்டுன்னா உசுரு. கல்யாணம் ஆன புதுசுல பாடுவாகூட, பாத்திரம் வெளக்கிட்டே. இப்பப் பாடறதில்ல. ஏன்னு தெரியல.

ஈரோட்டுல யூனுஸ் பாய்னு ஒருத்தர் இருக்காருங்க. கார் செட்டு மாட்டறதுல அவரை அடிச்சுக்க ஆளில்ல. கம்பெனி ஒயர் மேல கத்தி படக்கூடாதும்பாரு. கண்டவன் கடையில குடுத்தீங்கன்னா ஒயரை வெட்டி, முறுக்கி, டேப்பைச் சுத்தி உட்டுருவான். ஆறு மாசத்துல ஹாரன் அடிச்சா வைப்பர் ஆடும். பாய் அப்படி இல்ல. கப்ளர்னு ஒண்ணு இருக்குது, அந்தப் பக்கம் கம்பெனி ஒயரு, இந்தப் பக்கம் புதுச் செட்டு, நடுவுல இதைச் சொருகுனா முடிஞ்சுது. நான் பதினஞ்சு நாள் போன்ல வீடியோவாப் பாத்து, எந்தச் செட்டு, எந்த ஊஃபருன்னு ஒரு நோட்டுல எழுதிட்டுத்தான் போனேன். பாயே அசந்துட்டாரு.

அன்னைக்கு அவளும் ஈரோட்டுல லேடி டாக்டரைப் பாக்கோணும்னா. 'நீங்களும் சித்தெ வாங்க, என்ன சொல்றாங்கன்னு கேட்டுக்கலாம்'னா. லேடி டாக்டர்கிட்ட எனக்கென்னங்க வேலை? ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கி உட்டுட்டு, 'முடிச்சுட்டு ஆட்டோ புடிச்சு பாய் கடைக்கு வந்துரு, ஒட்டுக்காப் போயிரலாம்'னு சொன்னேன். தனியா பஸ் ஏறிப் போன்னு சொல்லல பாருங்க.

பாய் வேலையப் பாக்கோணுமே நீங்க. நாலு கதவையும் பிரிச்சு, உள்ள கறுப்பா ஒரு தடிச்ச தாளு, அதை ஒட்டு ஒட்டுன்னு ஒட்டுனாரு. எதுக்குன்னா, உள்ள இருக்கற சத்தம் வெளிய போகாது, வெளிய இருக்கற சத்தம் உள்ள வராது. கதவைச் சாத்துனா 'டப்'னு கேக்காது, 'தொப்'னு கேக்கும். டிக்கியில ஊஃபரு. முன்னாடி பெரிய டச் ஸ்கிரீனு.

அங்கதான் ஒரு வாக்குவாதம் வந்துச்சு. செட்டுக்கு கரண்டுக்குன்னு ரெண்டு ஒயருங்க. மஞ்ச ஒயரு நேரா பேட்டரிக்குப் போகும். சிவப்பு ஒயரு சாவிக்குப் போகும். சாவி போட்டாத்தான் செட்டு பாடும், சாவிய எடுத்தா நின்னுரும். நான் சொன்னேன், 'பாய், சிவப்பையும் மஞ்சளோட சேத்து பேட்டரிக்கே குடுத்துருங்க. நான் வண்டி நிக்கறப்பவும் உக்காந்து கேக்கோணும். எந்நேரமும் சாவியத் தேடிட்டிருக்க முடியாது.' பாய் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழ வெச்சுட்டாரு. 'அண்ணா, அது தப்பு. செட்டு தூங்கவே தூங்காது. ஒரு நாள் அவசரத்துக்குச் சாவியத் திருப்புவீங்க, வண்டி எந்திரிக்காது. அப்ப எம்மேல வருத்தப்படுவீங்க'ன்னாரு. இருபத்தேழு வருசம் ஒயர் வித்தவனுக்கு ஒயர் பத்திப் பாடம். 'நான் சொல்றபடி போடுங்க பாய்'னு கொஞ்சம் சத்தமாச் சொல்லிட்டேன். போட்டாரு. இப்பச் சொல்றேன், அவரும் தப்புப் பண்ணிட்டாருங்க. தெரிஞ்சவரு அவரு, நான் சத்தம் போட்டா உட்டுக் குடுத்துரலாமா? இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டாமா?

மூணு மணிக்கு இவ வந்து சேந்தா. கையில பெரிய கவரு, இந்த ஸ்கேன் எடுத்தாக் குடுப்பாங்களே, அது. ஸ்டூல்ல உக்காந்தா. மூஞ்சி ஒரு மாதிரி இருந்துச்சு. வெயிலுன்னு நெனைச்சேன். பாய் டீ வாங்கிக் குடுத்தாரு, அப்பிடியே கையில வெச்சுட்டே உக்காந்திருந்தா. கவரைப் புது சீட் கவர் மேல போட்டா அழுக்காகும்னு நாந்தான் வாங்கி டிக்கியில வெச்சேன், ஊஃபர் மேல. ஊஃபருக்கும் தூசி படாது பாருங்க.

கடைசியா டெஸ்ட் பண்ணோணும், போனைக் குடுங்கன்னாரு பாய். எம்பட போன்ல வீடியோ பாத்துப் பாத்து சார்ஜ் சுத்தமா இல்ல. இவ போனைக் குடுத்தா. பாய் அதைப் புளூடூத்துல சேத்து உட்டு, 'அக்கா, இனி நீங்க வண்டிக்குப் பக்கத்துல வந்தாலே செட்டு உங்க போனைத் தெரிஞ்சுக்கும்'னாரு. அவ சிரிச்சா. அன்னைக்கு அவ சிரிச்சது அந்த ஒரு வாட்டிதான்.

திரும்பி வர்றப்ப, அடடா, என்ன சத்தமுங்க. சித்தோடு தாண்டுனதும் ஏத்தி உட்டேன். சீட்டே அதிருது. இவ பெல்ட்டைப் போட்ட ஒடனே வழக்கம் போல 'ஏனுங்க'ன்னு ஆரம்பிச்சா. நான் அப்பத்தான் பேஸ் எவ்வளவு, ட்ரெபிள் எவ்வளவுன்னு வெச்சுப் பாத்துட்டிருக்கேன். என்னமோ சொன்னா. 'ம்'னேன். மறுக்காவும் சொன்னா. 'ம், ம்'னேன். கவுந்தப்பாடி தாண்டுனப்ப பேச்சு நின்னு போச்சு. திரும்பிப் பாத்தா சன்னல் பக்கம் மூஞ்சிய வெச்சுட்டு, கண்ணுல தண்ணியா ஓடுது. அந்தப் பாட்டு அப்படிங்க. நல்ல ஸ்பீக்கர்ல கேட்டா யாரா இருந்தாலும் அழுதுருவாங்க. போட்டது வீண் போகலன்னு எனக்கு அவ்வளவு சந்தோசம்.

அதுக்கப்பறம் கார்ல பேசறதை நிறுத்திட்டா. நெசமாத்தான். செட்டு போட்டதுல இருந்து வண்டிக்குள்ள நிம்மதி.

நாலஞ்சு நாள் கழிச்சு, 'ஏனுங்க, ஸ்கேன் கவரை எங்க வெச்சீங்க?'ன்னு தேடிட்டிருந்தா. டிக்கியில இருக்குதுன்னேன். எடுத்துட்டுப் போனா. எதுக்குன்னு நான் கேக்கல. அவளும் சொல்லல. இங்க கவனிங்க, அவளும் சொல்லல.

கடை இல்லாதவனுக்குக் காலையில என்னங்க வேலை? பத்து மணியானா கார்ல போய் உக்காந்துக்குவேன். போர்டிகோவுலயேதான். கண்ணாடிய ஏத்திட்டு, சீட்டைச் சாச்சுட்டு, சாவி போடாமயே பாட்டு. சமையக்கட்டு சன்னல் போர்டிகோவைப் பாத்த மாதிரி இருக்கும். அவ அங்க வேலையா இருப்பா, நான் இங்க. அவளுக்கும் தொந்தரவு இல்ல, எனக்கும் தொந்தரவு இல்ல.

ஒரு நாள் பாட்டு பாதியில நின்னுச்சு. ஸ்கிரீன்ல 'ஜோதி'ன்னு வருது. இவ போனுக்கு ஜோதிமணி கூப்புடறா, இவ சமையக்கட்டுல போனை எடுக்கறா, ஆனாச் சத்தம் எங்கிட்ட வருது. பாய் சேத்து உட்டாரே, அந்த வேலை. செட்டுதான் தூங்காத செட்டாச்சே. சன்னல் வழியாப் பாக்கறேன், இவ 'அலோ, அலோ'ன்னு வாயசைக்கறா. அவளுக்கு ஒண்ணும் கேக்கல. காருக்குள்ள கொழுந்தியா குரல் கணீர்னு கேக்குது: 'அக்கா, கேக்குதா? நீ பேசறது எனக்குக் கேக்கல. நான் சொல்றது கேக்குதா?'

நான் 'ம்'னேன்.

ஏன் சொன்னேன்னு கேக்காதீங்க. வாயில வந்துருச்சு. அவ அவங்க அக்கான்னே நெனைச்சுட்டா. 'சரி, கேட்டுக்க. நீ அனுப்புன ஸ்கேனை இங்க பெரிய டாக்டரம்மா பாத்துட்டாங்க. கட்டி பெருசா இருக்குதாம். கர்ப்பப்பையோட எடுத்தர்றதுதான் நல்லதுன்னுட்டாங்க. எடுத்துட்டு டெஸ்டுக்கு அனுப்போணுமாம், அது கெட்ட கட்டியா இல்லையான்னு பாக்க. பயப்படாத அக்கா. நான் இருக்கேன்.' அதுக்குள்ள இவ போனைத் தூக்கிட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டா. தூரம் போனதும் செட்டு உட்டுருச்சு. திரும்பவும் பாட்டு வருது.

கட்டி. ஸ்கேனு. டாக்டரம்மா. கோயமுத்தூர்ல இருக்கற தங்கச்சிக்குத் தெரியுது, சகலைக்குத் தெரியுது. இந்தாண்ட பத்தடியில உக்காந்திருக்கற எனக்குத் தெரியாது. பாட்டை நிறுத்திட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். எறங்கி உள்ள போனேன். 'காப்பி வேணுங்களா?'ன்னா. முகத்துல ஒரு மாத்தமும் இல்ல. அப்பத்தான் எனக்குப் பத்திட்டு வந்துச்சு. சரி, எத்தனை நாளைக்கு மறைக்கறேன்னு பாப்போம். நானாக் கேக்க மாட்டேன். அவளாச் சொல்லட்டும்.

மூணு வாரம் காத்திருந்தேனுங்க. சும்மா இல்ல. பத்து மணிக்குக் கார்ல ஏறுனா, பாட்டு போடறதில்ல. புளூடூத்துல வெச்சுட்டு உக்காந்திருப்பேன். கொழுந்தியா வாய்ஸ் மெசேஜா அனுப்புவா. இவ சமையக்கட்டுல நின்னு போனை அமுக்குவா, சத்தம் கார்ல வரும். அவளுக்குக் கேக்காது. வீட்டுக்குள்ள டவர் இல்லன்னு நெனைச்சுட்டு மாடிக்குப் போய் மறுக்காக் கேப்பா. அதுக்குள்ள நான் கேட்டு முடிச்சுருப்பேன். எந்த ஆஸ்பத்திரி, எந்த நாளு, எத்தனை மணி, எல்லாம் தெரியும். இன்னைக்கு பதினோரு மணிக்கு தியேட்டருக்குள்ள கூட்டிட்டுப் போறாங்கங்கறது வரைக்கும் தெரியும். பாத்தீங்களா, புருசன் எப்படித் தெரிஞ்சுக்க வேண்டியிருக்குதுன்னு.

நடுவுல ஒரு நாள் சோறு போடறப்ப, 'ஏனுங்க, வர்ற வியாழக்கிழமை உங்களுக்கு வேலை ஏதும் இருக்குதுங்களா?'ன்னு கேட்டா. சொல்லப் போறான்னு நெனைச்சேன். ஆனா நேராச் சொல்லாம இப்படிச் சுத்தி வளைச்சுக் கேக்கறாளே. சரி, சோதிச்சுப் பாப்போம்னு, 'இருக்குது'ன்னேன். மனசுல இருந்தா என்ன சொல்லோணும்? 'அதை உட்டுட்டு எங்கூட வாங்க'ன்னு சொல்லோணுமா இல்லையா? 'சரிங்க'ன்னுட்டு ரசத்தை ஊத்துனா. அவ்வளவுதான். அதுக்கப்பறம் கேக்கவே இல்ல. சோதனையில தோத்துட்டா.

அதாவது பரவால்ல. போன வாரம் ஒண்ணு கேட்டேன் பாருங்க, அதை மட்டும் செத்தாலும் மறக்க மாட்டேன். டெஸ்ட் எடுக்கோணும்னு தங்கச்சி வீட்டுக்குப் போற மாதிரிப் போயிட்டு வந்தா. மறுநாள் கொழுந்தியா குரலு: 'அக்கா, கையெழுத்துக்கு யோசிக்காத. வீட்டுக்காரர் எங்கன்னு நர்சு கேட்டதுக்கு, அவங்களுக்கு மேலுக்கு முடியலன்னு சொல்லி, மாமா போடற எடத்துல இவரே போட்டுட்டாரு.' இவருன்னா அவ புருசன். எம்பட சகலை. எம்பட பொண்டாட்டி வயித்தைக் கிழிக்கறதுக்கு, நான் உசுரோட இருக்கறப்ப, சகலை கையெழுத்துப் போடறானுங்க. எனக்கு மேலுக்கு முடியலயாம். இங்க பாருங்க, இந்தக் கையி, இருபத்தேழு வருசம் கடையில எத்தனையோ பில்லுல கையெழுத்துப் போட்ட கையி. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முட்டி வலியோட நடந்தே போய்ப் போட்டுட்டு வந்திருக்க மாட்டேனா? அன்னைக்குக் கார்ல உக்காந்து அழுதேனுங்க. வெக்கத்தை உட்டுச் சொல்றேன், அழுதேன். கறுப்புத் தாளு ஒட்டுன கதவு, ஒண்ணும் வெளிய கேக்கல.

நேத்து மத்தியானம்தான் அவ குரலைக் கேட்டேன். அது வரைக்கும் தங்கச்சி குரல்தான் வரும். இவ அனுப்புனதை சரியாப் பதிஞ்சிருக்குதான்னு இவளே மறுக்காப் போட்டுக் கேட்டிருக்கா. கார்ல வருது. நாலு கதவுலயும் வசந்தாமணி. எத்தனையோ வருசமா அவ பேச்சைக் கேட்டிருக்கேன், அத்தனை பக்கத்துல கேட்டதில்ல. மூச்சு வாங்கறது கூடக் கேக்குது.

என்ன சொல்றான்னா, 'இல்ல ஜோதி, அவருகிட்டச் சொல்லாம இல்ல. டாக்டரைப் பாத்துட்டு வந்த அன்னைக்கே கார்ல சொன்னேன். கட்டின்னு சொன்னேன், எனக்கு பயமா இருக்குதுங்கன்னும் சொன்னேன். ரெண்டு வாட்டி சொன்னேன். ம்னாரு. ம்னுட்டுப் பாட்டுச் சத்தத்தைக் கூட்டுனாரு. அதுக்கு மேல எப்படிச் சொல்றது? உடு, அவரைத் தொந்தரவு பண்ண வேண்டாம்.'

நீங்களே சொல்லுங்க. அது சொல்ற எடமுங்களா? புதுசாச் செட்டு மாட்டியிருக்கு, பேஸ் வெச்சுப் பாத்துட்டிருக்கேன், அப்பச் சொன்னா? வீட்டுக்கு வந்து, உக்காத்தி வெச்சு, டீவிய நிறுத்திட்டு, 'இந்த மாதிரி இந்த மாதிரி'ன்னு சொல்றதுதான முறை? சொல்லிட்டேன்னு கணக்கு வெக்கறதுக்காகச் சொன்னது அது. நான் 'ம்'னேனாம். 'ம்'னா கேக்கறேன்னுதான அர்த்தம்? இல்லீங்களா?

ஏன் சன்னல் பக்கம் திரும்பிட்டீங்க? சரி உடுங்க.

நான் முன்னயே என்ன முடிவு பண்ணி வெச்சிருந்தேன்னா, மொகத்துல கரியப் பூசாம, பெரிய மனுசனா நடந்துக்கோணும்னு. வியாழக்கிழமை விடியறப்ப வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை போட்டு, கார்ல ஏறி உக்காந்து, சகலை வர்றதுக்கு முந்தியே வண்டியக் கெளப்பி நிறுத்தியிருக்கோணும். அவ பையைத் தூக்கிட்டு வருவா. நான் கதவைத் தொறந்து உட்டு, 'ஏறு புள்ள, எனக்கு எல்லாம் தெரியும்'னு ஒரே வார்த்தை. அப்படியே வெலவெலத்துப் போயிருவா. நாலு நாளா மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்தேனுங்க அந்த வார்த்தைய.

இன்னைக்குக் காலையில அஞ்சே முக்காலுக்குப் போய் உக்காந்தேன். சாவியத் திருப்பறேன். 'டிக்'. அவ்வளவுதான். இன்னொரு வாட்டி. 'டிக்'. மூணு வாரமா வண்டிய எங்கயும் எடுக்கல, உக்காந்து கேட்டதுதான். பேட்டரியக் குடிச்சு முடிச்சிருச்சு. ஸ்கிரீன் கூட எரியல. அந்நேரம் பாத்து சகலை கார் கேட்டுக்கு முன்னால வந்து நிக்குது. புதுச் சட்டை வேற.

இவ பையோட வெளிய வந்தா. நான் ஸ்டியரிங்கப் புடிச்சுட்டு உக்காந்திருக்கறதைப் பாத்துட்டு நின்னா. கண்ணாடிய எறக்கலாம்னா அதுவும் எறங்க மாட்டேங்குது, பேட்டரி இல்லையே. கதவைத் தொறந்தேன். 'ஏனுங்க, எங்கயாச்சும் கெளம்பிட்டீங்களா?'ன்னா. வேட்டியப் பாக்கறா, சட்டையப் பாக்கறா. அந்த ஒரு நிமிசம், என்னமோ எதிர்பாத்த மாதிரி நின்னாளுங்க.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

'இல்ல, பாட்டுக் கேக்கலாம்னு உக்காந்தேன்'னேன்.

வண்டி எந்திரிக்கலன்னு சகலை முன்னால எப்படிங்க சொல்றது? அவங்கார்ல பின் சீட்டுல ஏறிட்டுப் போகச் சொல்றீங்களா? 'சரிங்க'ன்னா. 'சோறாக்கி வெச்சிருக்கேன், கொழம்பு அடுப்பு மேல இருக்குது, மத்தியானம் சுட வெச்சுக்குங்க. ஜோதி வீட்டுல ரெண்டு மூணு நாள் இருந்துட்டு வர்றேன்'னா. கடைசி வரைக்கும் ஜோதி வீடுதான். கார்ல ஏறுனா. பெல்ட்டைப் போட்டா. அந்த வண்டி நகர்றப்ப, கண்ணாடி வழியாப் பாக்கறேன், சகலைகிட்ட என்னமோ பேச ஆரம்பிச்சுட்டா. அவன் தலையத் திருப்பிக் கேக்கறான். ரோட்டைப் பாக்காம கேக்கறானுங்க, கூறு கெட்டவன்.

அப்பறம் ரெண்டு மணி நேரம் அந்தக் கார்லயே உக்காந்திருந்தேன். பாட்டும் இல்ல, போனும் இல்ல, ஒரு சத்தமும் இல்ல. அப்புறந்தான் எந்திரிச்சு நடந்து வந்து பஸ் ஏறுனேன். போய் என்ன பண்ணப் போறேன்னு தெரியல. கேக்கத்தான் போறேன். என்ன கொறை வெச்சேன் உனக்குன்னு கேக்கத்தான்...

இருங்க. போன் அடிக்குது.

அவதானுங்க. மணி என்னங்க? பத்தே முக்காலா? இன்னும் உள்ள கூட்டிட்டுப் போகல போல. எடுக்கட்டுங்களா? என்ன சொல்லப் போறா, கொழம்பைச் சுட வெச்சீங்களான்னு கேப்பா.

அலோ. அலோ, வசந்தா. என்ன? கேக்கல. சத்தமாச் சொல்லு. கேக்கல புள்ள, இங்க ஒரே... இரு, வெச்சராத. வெச்சராத!

தம்பி! கண்டக்டர் தம்பி! அந்தப் பாட்டை... கொறைக்கறதில்ல தம்பி, நிறுத்துங்க. முழுசா நிறுத்துங்க. எம்பட சம்சாரத்துக்கு ஆப்பரேசன் தம்பி, அவ பேசறா, எனக்குக் கேக்க மாட்டேங்குது. டிரைவர்கிட்டச் சொல்லுங்க. நீங்களும் சொல்லுங்களேன் சார், சித்தெ எந்திரிச்சுச் சொல்லுங்களேன்.

ஆ. இப்பக் கேக்குது. சொல்லு.

இல்ல, சாப்பிடல. வீட்டுல இல்ல நான். பஸ்சுல இருக்கேன். அன்னூர் தாண்டிட்டேன்... எங்கயா? அங்கதான். உங்கிட்டத்தான் வந்துட்டிருக்கேன்... தெரியும். எல்லாந் தெரியும்... அழுகாத. நர்சு கூப்பிட்டா சித்தெ இருக்கச் சொல்லு. எம்பட வீட்டுக்காரர் போன்ல இருக்காருன்னு சொல்லு. பாட்டெல்லாம் நிறுத்தியாச்சு, இங்க ஒரு சத்தமும் இல்ல. அன்னைக்குக் கார்ல சொன்னியே, கவுந்தப்பாடி வர்றதுக்கு முந்தி, ரெண்டு வாட்டி சொன்னியே.

அதைச் சொல்லு. மொதல்ல இருந்து சொல்லு.